பேசியதை எழுது, எழுதியதற்குப் பதில் சொல்

பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் பேச்சு மன்றத்தை ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார், விவாதத்தை இன்னொருவர், ஆண்டு மலரை மூன்றாமவர். மூவரும் ஆசிரியர் அறையில் அருகருகே உட்கார்ந்திருந்தாலும் மூன்று மன்றங்களுக்கும் இடையே போக்குவரத்து கிடையாது. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவி இதழுக்கு எழுதுவதில்லை. இதழுக்குக் கவிதை கொடுக்கும் மாணவன் விவாத மேடை ஏறுவதில்லை. விவாதத்தில் வென்ற அணி என்ன சொல்லி வென்றது என்பது அடுத்த வாரமே யாருக்கும் நினைவில்லை. மூன்றையும் ஒரே மன்றமாக்குங்கள், இரண்டே விதிகளால் அதைக் கட்டுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பரிந்துரை. மன்றத்தில் வாசித்து, அங்கே எழும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே எந்தக் கட்டுரையும் அச்சுக்குப் போக வேண்டும். மன்றத்தில் நடந்த எந்த விவாதமும் இரு தரப்பையும் தாங்கிய ஒரு பக்கமாக அடுத்த இதழில் வந்தாக வேண்டும். இதைக் கொச்சி மட்டாஞ்சேரியை வைத்து விளக்குவதற்குக் காரணம் உண்டு. நடந்தே சுற்றிவிடக்கூடிய அந்தப் பகுதியில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், உருது என வீட்டுக்கு வீடு மொழி மாறுகிறது. கொங்கணி சமூகத்தின் திருமலை தேவஸ்வம் பள்ளியும் குஜராத்தி வித்யாலயாவும் அந்தந்தச் சமூகங்களின் முயற்சியால் எழுந்தவை. இத்தனை மொழியும் மதமும் ஒரே வகுப்பறையில் உட்காரும் ஊரில் நடத்த முடிகிற மன்றத்தை வேறெங்கும் நடத்தலாம்.

முதலில் பேச்சுக் கலையின் இன்றைய நிலை. கேரளத்தில் பள்ளி மாணவரின் மேடை என்றால் அது கலோத்ஸவம்தான். 1957 ஜனவரியில் எறணாகுளத்தில் தொடங்கிய அந்த விழா பள்ளி, உபஜில்லா (துணை மாவட்டம்), வருவாய் மாவட்டம், மாநிலம் என்று நான்கு படிகளாக நடக்கிறது. மட்டாஞ்சேரியும் ஓர் உபஜில்லா. நடனம், நாடகத்தோடு பேச்சு, கவிதை ஒப்புவித்தல், கட்டுரை, கதை எழுதுதல் ஆகியவையும் பல மொழிகளில் அங்கே உண்டு. இந்த விழா கேரளத்துக்குப் பல கலைஞர்களைத் தந்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆனால் பேச்சைப் பொறுத்தவரை ஒரு கெட்ட பழக்கத்தையும் அது வளர்த்திருக்கிறது. தலைப்பு மேடையேறுவதற்குச் சற்று முன்புதான் கையில் கிடைக்கும் என்பதால், எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற தொடக்கம், எந்தத் தலைப்பையும் முடித்துவைக்கிற முடிவு, நடுவில் செருக நான்கு மேற்கோள் என்று பயிற்சியாளர்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். குரல் ஏற்ற இறக்கம், கை அசைவு எல்லாம் பிசகாமல் வருகின்றன. பேசுகிற பிள்ளைக்குத் தலைப்பைப் பற்றித் தெரிந்தது பத்திரிகைத் தலைப்புச் செய்தி அளவுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளிலும் இதே கதைதான். அங்கே தலைப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால் அப்பாவோ தமிழாசிரியரோ முழுப் பேச்சையும் எழுதித் தந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மனப்பாடம் செய்வதால் நாக்கு பழகுகிறது, கூச்சம் போகிறது, நல்ல நடை காதில் ஏறுகிறது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு இது முழு உண்மை. எட்டாம் வகுப்புக்கு மேல் அது போதாது. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை சொந்தமாக ஒன்றை நினைத்து, அதற்கு ஆதாரம் தேடி, எதிர்ப்பைச் சந்தித்து, தேவையானால் நினைத்ததை மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவருக்கு இந்த நான்கில் எதற்கும் வாய்ப்பு இல்லை. யாரும் இடைமறித்துக் கேட்காத மேடையில் ‘இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி எழவே எழாது.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். கொச்சி மாணவர் ஒருவர் சுற்றுச்சூழல் பற்றிப் பேசினால் ‘குப்பையால் கொச்சி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது’ என்று தொடங்குவது வழக்கம். கைதட்டல் கிடைக்கும். இதே வாக்கியத்தைக் கேள்வி நேரம் உள்ள மன்றத்தில் சொன்னால், முன்வரிசையில் இருந்து ஒரு கை எழும்: எந்தக் குப்பை, எப்போது, யாருடைய பொறுப்பு? அடுத்த வாரம் அந்த மாணவர் தேடிவிட்டு வருகிறார். 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது, அணைக்க ஏறத்தாழ பன்னிரண்டு நாள் ஆனது, நகரம் முழுக்கப் புகை சூழ்ந்தது, பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது, அதே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இப்போது கேள்வி கூர்மையாகிறது: வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்காத குடும்பங்களுக்கு இதில் பங்கு உண்டா, இல்லை முழுப் பொறுப்பும் மாநகராட்சிக்கா? இது இரண்டு பக்கமும் பேசத்தக்க தலைப்பு. விவாதம் முடிந்ததும் அதை ஒரு பக்கமாக எழுத உட்காரும்போது இன்னொரு சங்கடம் வரும். தீர்ப்பாயம் அபராதம் விதித்தது என்று எழுதுவதா, மாநகராட்சி அபராதம் கட்டியது என்று எழுதுவதா? இரண்டும் ஒன்றல்ல. பேச்சில் வழுக்கிக்கொண்டு போன வித்தியாசம் எழுத்தில் மாட்டிக்கொள்கிறது. அச்சுப் பக்கம் மன்றத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது: காகிதத்தில் ஏறப்போகிறது என்று தெரிந்த பிள்ளை இன்னொரு தடவை சரிபார்க்கிறது.

கேள்வி நேரத்தை நடத்துவதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் அணிக்கு மூவர் பேசுவார்கள், ஆளுக்கு எட்டு நிமிடம், இறுதியில் நான்கு நிமிட மறுமொழி. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக, நடுவே எதிரணி எழுந்து நின்று கேள்வி கேட்க அனுமதி கோரலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுகிறவர் உரிமை, ஆனால் ஒன்றைக்கூட ஏற்காதவருக்கு நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20. வாரத்துக்கு ஒரு பிரியடு மட்டுமே கிடைக்கிற நம் பள்ளிக்கு இதைச் சுருக்க வேண்டும். ஆளுக்கு நான்கு நிமிடம் கொடுங்கள், இரண்டாம், மூன்றாம் நிமிடங்களில் கேள்வி வரலாம், கேள்வி பதினைந்து விநாடியைத் தாண்டக்கூடாது. மணியடிக்க ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், இரு தரப்பு வாதங்களையும் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக் குறிப்பெடுக்க இருவர். அந்தக் குறிப்பாளர்களே பிறகு இதழின் விவாதப் பக்கத்தை எழுதப்போகிறவர்கள் என்பதால் அவர்கள் காது தீட்டிக்கொண்டு கேட்பார்கள். மதிப்பெண்ணை மட்டும் நம் நோக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்: உள்ளடக்கத்துக்கு 50, கேள்விக்குப் பதில் சொன்ன விதத்துக்கு 30, நடைக்கு 20. பட்டிமன்றத்தில் வளர்ந்த நமக்கு நடைக்கு இவ்வளவு குறைவா என்று தோன்றும். பட்டிமன்றம் கேட்போரை மகிழ்விக்கும் கலை, அதன் நகைச்சுவைக்கும் உவமைக்கும் மதிப்பு உண்டு. பள்ளி மன்றத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளைகள் கேட்டுக் கற்க வேண்டியது வேறு. நடை பின்னால் தானே வரும்.

யார் எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். மட்டாஞ்சேரி போன்ற ஊரில் இந்த விதி மிக முக்கியம். ‘விவாதம் பிள்ளைகளிடையே பகையை வளர்க்கும், மதமும் சாதியும் உள்ளே வந்துவிடும்’ என்று அஞ்சுகிற தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் வெறும் சாக்கு இல்லை. தன் வீட்டு நம்பிக்கையைக் காக்க எழுந்து நிற்கும் பிள்ளைக்குத் தோல்வி அவமானமாகப் படும். தன் கருத்துக்கு மாறான தரப்பைச் சீட்டில் எடுத்துப் பேசும் பிள்ளைக்கோ எதிர்க்கருத்துக்காரர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது உள்ளிருந்து புரிகிறது. தலைப்புகளையும் அப்படியே தேர்ந்தெடுங்கள். எவர் தெய்வம் பெரிது, எந்த மொழி மூத்தது என்பவை வேண்டாம், அவற்றுக்கு ஆதாரம் கொண்டுவந்து தீர்க்கிற வழி கிடையாது. பழைய யூதர் பகுதியான ஜூ டவுனில் சுற்றுலாக் கடைகள் பெருகியது ஊர்க்காரர்களுக்கு நன்மையா, வாட்டர் மெட்ரோ வந்த பிறகு பழைய படகுச் சேவையைத் தொடர வேண்டுமா, 2012 முதல் நடக்கும் கொச்சி பியனாலே கலைக் கண்காட்சியால் பழைய கிடங்குகளைச் சுற்றி வாழ்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்பவை வேண்டும். இவற்றுக்கு மாணவர்கள் நடந்துபோய், கேட்டு, எண்ணி, எழுதிக்கொண்டு வர முடியும்.

அச்சுக்கும் கொச்சிக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் பெருமிதம் வரும். இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வந்தது. அடுத்த ஆண்டே, 1579-இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சானது. தமிழ் எழுத்து அச்சில் நிலைகொண்ட தொடக்க ஊர்களில் ஒன்று கொச்சி. நம் மன்றத்துக்கு அதைவிட நேரடியாகப் பயன்படுவது ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’. கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் முன்னின்று தொகுத்த இந்த மூலிகை நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியானது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் தகவல் தந்தார்கள். அவர்கள் 1675-இல் எழுதிக் கொடுத்த சாட்சியங்கள் முதல் தொகுதியிலேயே அவரவர் மொழியில், அவரவர் எழுத்தில் அச்சிடப்பட்டன. செடிகளின் படங்களிலும் பெயர்கள் பல எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். தகவல் சொன்னவர் யார், எதை அறிந்து சொன்னார் என்பதை அவர் மொழியிலேயே பதிவு செய்வது ஒரு நல்ல பதிப்பின் அடையாளம். முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு கொச்சியில் செய்ய முடிந்ததை இன்றைய பள்ளி இதழ் ஏன் செய்யக்கூடாது? ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் இரண்டு வரி வேண்டும்: யாரிடம் கேட்டோம், எங்கே பார்த்தோம். பத்திரிகை நடத்துவதிலும் ஊருக்கு முன்மாதிரி உண்டு: 1881-இல் ‘கேரள மித்ரம்’ என்ற மலையாளப் பத்திரிகையைக் கொச்சியில் தொடங்கியவர் தேவ்ஜி பீம்ஜி என்ற குஜராத்தி வணிகர், ஆசிரியராக இருந்தவர் பின்னாளில் ‘மலையாள மனோரமா’வை நிறுவிய கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை. ஒரு மொழிக்காரர் பணம் போட, இன்னொரு மொழியில் பத்திரிகை வந்த ஊர் இது.

எனவே எந்த மொழியில் இதழ் என்ற கேள்விக்கு விடை ஊரிலேயே இருக்கிறது. முதன்மை மொழி மலையாளமாக இருக்கட்டும், அதுதான் எல்லோருக்கும் பொது. கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கி 2017-இல் சட்டமும் வந்துவிட்டது. அதோடு ஒவ்வொரு இதழிலும் வேறொரு வீட்டு மொழிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இப்படிச் செய்தால் இதழ் துண்டு துண்டாகிவிடும், யாரும் எல்லாவற்றையும் படிக்க மாட்டார்கள் என்று ஆட்சேபம் வரும். பாதி உண்மைதான். ஆகவே பிற மொழிப் பக்கத்துக்குக் கீழே மலையாளத்தில் நாலு வரிச் சுருக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டாம், ஏனென்றால் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் சில செய்திகள் இதழுக்கு வரவே வராது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள தோபிகானா என்ற சலவைக்கூடத்தில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்னும் கையால் துவைத்து, கயிற்றில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுக்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் வரவழைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. அங்கே துணிக்குக் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்றடித்தாலும் விழாது. இதை ஒரு பாட்டி தன் தமிழில் சொல்லும்போது வருகிற துல்லியம், பேத்தி பள்ளி மலையாளத்தில் எழுதும்போது நழுவிவிடும். அந்தப் பேத்திக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத வராமல் இருக்கலாம். பரவாயில்லை. அவள் சொல்ல, எழுதத் தெரிந்த இன்னொரு மாணவர் எழுதட்டும். பிழை திருத்த அருகில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் யாரேனும் கிடைப்பார். தாய்மொழி எழுத்து கைவிட்டுப்போன குடும்பங்களில் பிள்ளையின் பெயரோடு வந்த ஒரு தமிழ்ப் பக்கம் என்ன செய்யும் என்பதைப் புலம்பெயர்ந்த தமிழர் எல்லோரும் அறிவார்கள்.

பணம் எங்கே என்று கேட்பவர்கள் ஆண்டு மலரை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். பளபளப்புத் தாள், வண்ண அட்டை, பிரமுகர்களின் வாழ்த்துச் செய்தி, விளம்பரம் என்று மார்ச் மாதத்தில் வருகிற அந்த மலர் பிள்ளைகளின் இதழ் அல்ல, பள்ளியின் ஆல்பம். நமக்கு வேண்டியது நான்கு பக்கமோ எட்டுப் பக்கமோ கொண்ட, ஆண்டுக்கு நான்கு முறையாவது வருகிற இதழ். கையெழுத்து மாசிகை என்ற மரபு கேரளத்துப் பள்ளிகளிலும் வாசகசாலைகளிலும் நீண்ட காலம் இருந்தது. தமிழிலும் அதன் வலிமைக்குச் சான்று உண்டு. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது மு. கருணாநிதி நடத்தியது ‘மாணவநேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகை. அங்கிருந்துதான் 1942 ஆகஸ்டில் துண்டறிக்கையாகத் தொடங்கிய ‘முரசொலி’க்குப் போனார், அப்போது அவருக்கு வயது 18. அவருடைய அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று: பேச்சும் எழுத்தும் அவரிடம் பிரியாமல் வளர்ந்ததற்குத் தொடக்கம் அந்தக் கையெழுத்துத் தாள். செய்முறை எளிது. ஏ3 தாள் இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். வெளித்தாளின் மேற்புறத்தில் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1, அதன் பின்புறத்தில் 2-உம் 7-உம். உள்தாளின் வெளிப்புறத்தில் 6-உம் 3-உம், உட்புறத்தில் 4-உம் 5-உம். முதலில் வெற்றுத் தாளை மடித்துப் பக்க எண்ணை மட்டும் எழுதி ஒரு மாதிரி செய்துகொண்டால் குழப்பம் வராது. மூலப்பிரதியைக் கறுப்பு மையில் எழுதுங்கள், நீல மை ஜெராக்ஸில் மங்கும். நான்கு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் விடுங்கள், ஜெராக்ஸ் மெஷின் ஓரத்தைத் தின்னும். மடிப்பின்மேல் இரண்டு ஸ்டேப்பிள், வேலை முடிந்தது. வகுப்புக்கு இரண்டு பிரதி, நூலகத்துக்கு இரண்டு, ஆசிரியர் அறைக்கு ஒன்று போதும். செலவைப் பி.டி.ஏ. தயங்காமல் ஏற்கும். நூலகப் பிரதியை மட்டும் எண்ணிட்டுப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ஆண்டு மாணவர்கள் முந்தின ஆண்டின் விவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் வழி.

இனிக் கடினமான ஆட்சேபத்துக்கு வருவோம். மாணவர்கள் தொடக்கூடாததைத் தொட்டுவிட்டால்? மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் ஊர் வரலாற்றைத் தோண்டினால் 1953-ஐத் தொடாமல் இருக்க முடியாது. கொச்சித் துறைமுகத்தில் அன்று நாள்கூலிக்கு ஆள் எடுத்த முறை சாப்பா: கங்காணிகள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள், முண்டியடித்துப் பொறுக்கியவருக்கு அன்றைய வேலை. அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடியபோது 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார், அந்த நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ படம் 2023-இல் வந்தது. மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் அரிது. நாடகம் சொல்வது ஒன்று, படம் காட்டுவது ஒன்று, வீட்டுப் பெரியவர்கள் கேள்விப்பட்டது ஒன்று, அந்நாளைய பத்திரிகை எழுதியது ஒன்று. இவற்றில் எதை எவ்வளவு நம்புவது என்று பிரித்தறிவதே பயிற்சி. ஆனாலும் தொழிற்சங்கம், போலீஸ், கட்சி என்று வரும்போது எச்.எம். தயங்குவார். அந்தத் தயக்கத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். பள்ளியின் பெயரில் வெளிவரும் எதற்கும் பெற்றோரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இந்த இழுபறி எங்கும் உண்டு. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் பள்ளியில், மாணவர் பத்திரிகையிலிருந்து கர்ப்பமுற்ற மாணவிகள் பற்றியும் பெற்றோர் விவாகரத்து பற்றியும் வந்த கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988-இல் பள்ளியின் பக்கமே தீர்ப்பு வந்தது: பள்ளி நடத்தும் இதழில் கல்வி சார்ந்த காரணத்துக்காகப் பள்ளி தலையிடலாம். நம் நாட்டில், கேரளத்திலிருந்தே, வேறு திசையில் ஒரு தீர்ப்பு உண்டு. தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த கோட்டயம் மாவட்டத்துக் குழந்தைகள் மூவரைப் பள்ளி நீக்கியது. பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அரசியல் சாசனம் தரும் கருத்துரிமையும் மத உரிமையும் பள்ளிக்கூட வாசலில் நின்றுவிடுவதில்லை என்பது அதன் பொருள். இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு ஒரு வழி தெரிகிறது. தகராறு வந்த பிறகு உரிமை பேசுவதைவிட, ஜூன் மாதத்திலேயே ஒரு பக்க விதியை எழுதி மாணவ ஆசிரியர், பொறுப்பாசிரியர், எச்.எம். மூவரும் கையெழுத்திடுங்கள். பிற மாணவரையோ ஆசிரியரையோ பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் எழுத்து வராது. துன்பத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் எதுவும் வராது. மதத்தையோ சாதியையோ இழிவுபடுத்துவது வராது. கட்டுரையை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், எழுதியவருக்குத் திருத்திக் கொடுக்க ஒரு வாரம் உண்டு. கடைசி விதியில்தான் மாணவர் பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். காரணம் சொல்லாமல் கட்டுரை காணாமல் போகிற மன்றத்தில் அடுத்த ஆண்டு எழுத யாரும் முன்வர மாட்டார்கள். கேள்வி நேரத்தைக் கடந்து, ஆதாரத்தோடு வரும் கட்டுரையை நிறுத்த எந்தத் தலைமையாசிரியரும் எளிதில் துணிய மாட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பெற்றோரின் கவலை வேறு: எஸ்.எஸ்.எல்.சி. இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கலோத்ஸவத்தில் கிரேடு வாங்கினால் கிரேஸ் மார்க்காவது கிடைக்கும், மன்ற இதழுக்கு என்ன கிடைக்கும்? நேர்மையாகச் சொன்னால், மதிப்பெண் எதுவும் கிடைக்காது. பரிசுக்காக மட்டும் வருகிற பிள்ளையை இந்த மன்றம் பிடித்துவைக்காது, பிடித்துவைக்கவும் வேண்டாம். ஆனால் போட்டிக்கும் மன்றத்துக்கும் பகை கிடையாது. ஓராண்டு முழுக்கத் தன் ஊரைப் பற்றி எழுதிக் கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளைக்கு, மேடையேறும் நேரத்தில் எந்தத் தலைப்பு வந்தாலும் சொல்வதற்குச் சொந்தச் சரக்கு இருக்கும், அது எழுதிக் கொடுத்த முன்னுரையை எளிதில் முந்தும். நேரத்தைப் பொறுத்தவரை, சுமையை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகள் சுமக்கட்டும். பத்தாம் வகுப்பினர் டிசம்பர் வரை நடுவர்களாகவும் மெய்ப்புத் திருத்துபவர்களாகவும் இருந்து விலகிக்கொள்ளலாம். முதல் இதழ் ஓணத்துக்கு முன், இரண்டாவது உபஜில்லா கலோத்ஸவம் தொடங்கும் முன், மூன்றாவது கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன், கடைசி இதழ் பிப்ரவரி முதல் வாரம். மார்ச்சில் எதையும் வைக்காதீர்கள்.

சாட்ஜிபிடி வந்த பிறகு பள்ளிக் கட்டுரைக்கு என்ன மதிப்பு என்றும் கேட்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து எழுதும் பொதுக் கட்டுரைக்கு மதிப்பு குறைந்துவிட்டது உண்மை. காற்று மாசு பற்றி நானூறு சொல் எழுதித்தர இயந்திரத்துக்கு ஒரு நிமிடம் போதும். நம் இரண்டு விதிகளும் இங்கேதான் கைகொடுக்கின்றன. கட்டுரையை வாசித்துவிட்டு முப்பது பேர் முன்னால் நின்று ‘இதை யாரிடம் கேட்டாய்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் இரவல் எழுத்து முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். கணினியை ஒதுக்கவும் தேவையில்லை. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற கணினி மன்றங்கள் கேரளத்து உயர்நிலைப் பள்ளிகளில் பரவியிருக்கின்றன, தட்டச்சு, வடிவமைப்பு, கேமரா கற்ற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், டிஜிட்டல் இதழும் தயாரிக்கிறார்கள். 2020 ஊரடங்கில் ‘அக்ஷரவிருட்சம்’ என்ற திட்டத்தில் மாணவர்களின் கதை, கவிதை, கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பள்ளிகளின் இணையத் தளமான ஸ்கூல்விக்கியில் ஏறின. லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளையும் நம் மன்றத்தில் சேர்த்துக்கொண்டு, தாளில் வந்ததையே பள்ளியின் ஸ்கூல்விக்கிப் பக்கத்திலும் ஏற்றுங்கள். தாள் முதலில், திரை பிறகு என்ற வரிசை மட்டும் மாறக்கூடாது. அச்சில் வந்த பிழையை அழிக்க முடியாது, அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். அந்தத் திருத்தம் போடுகிற நேர்மை பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே பழக வேண்டும்.

பேசவே வாய் திறக்காத பிள்ளையைப் பற்றி ஒரு சொல். தனித்தனி மன்றங்கள் இருக்கும் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை, ஏனென்றால் முதல் நாளே மேடையில் ஏற்றிவிடுவார்கள். ஒருங்கிணைந்த மன்றத்தில் அதற்கு நாலு வாசல் உண்டு: குறிப்பெடுப்பது, மெய்ப்புப் பார்ப்பது, படம் வரைவது, கேள்வியை எழுதித் தலைவரிடம் நீட்டுவது. இரண்டாம் இதழ் வருவதற்குள் அந்தப் பிள்ளை தன் குறிப்பை மற்றவர் தவறாக வாசிக்கும்போது ‘அவங்க அப்படிச் சொல்லலை’ என்று குரல் எழுப்பியே தீரும். பொறுப்பாசிரியர் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, அடுத்த விவாதத்தில் அதன் பெயரைச் சீட்டுக் குலுக்கலில் சேர்த்துவிட வேண்டும். ஆண்டு முடிவில் மன்றத்தை அளக்க வேண்டிய கணக்கும் இதுதான்: எத்தனை கோப்பை என்று எண்ணாதீர்கள், ஜூனில் பேசாதவர்களில் எத்தனை பேர் பிப்ரவரியில் பேசினார்கள், எத்தனை பேர் பெயர் இதழில் வந்தது என்று எண்ணுங்கள்.

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள், நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாள். பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குப் பின் வருவதால் பிள்ளைகள் வகுப்பில் நிலைகொண்டிருப்பார்கள், பரீட்சைப் பேச்சும் தொடங்கியிராது. அன்றைய வழக்கமான சொற்பொழிவுக்குப் பதில் மன்றத்தின் முதல் கூட்டத்தை வையுங்கள், விதிகளில் கையெழுத்து வாங்குங்கள், முதல் தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.